ஆளுக்கொரு பை

தெருவில் அவளுக்குச் ‘சைரன்’ என்று பெயர் வைத்ததே அவள் வீட்டுக்காரர்தான். பைத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்தவள், மிஞ்சிய மழைக்கோட்டுத் துணியைக் கேட்டு வாங்கி வந்து, கணவன், மகன், மருமகள், தான் என்று ஆளுக்கொரு பை தைத்தாள். புயல், வெள்ளம் என்றால் உடனே தூக்கிக்கொண்டு கிளம்ப, மாற்றுத்துணி, டார்ச், தண்ணீர், மருந்து எல்லாம் வைத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். மாத்திரை காலாவதியாகிவிட்டதா என்று அவ்வப்போது இறக்கியும் பார்ப்பாள்.

பொழுது போகாமல் செய்த வேலையில்லை அது. ஒரு புயலன்று, கரண்ட் போன வீட்டில், மூச்சுத் திணறிய அம்மாவின் இன்ஹேலரைத் தேடி மூலைமுடுக்கெல்லாம் துழாவியவள் அவள். அது கையில் கிடைத்தபோது அம்மா இல்லை. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் சிரித்தார்கள். யார் வந்தாலும் பைகளைக் காட்டி, எமனுக்கே டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறாள் என்பார் கணவர்.

அணை திறந்த அன்று அவள் வேலையில் இருந்தாள். தொழிற்சாலையை மூடியதும் மகனுக்குப் போன் போட்டாள், அணைத்து வைத்திருந்தான். முழங்காலளவு தண்ணீரில் சுவரைப் பிடித்துப் பிடித்து வீடு வந்து சேர்ந்தாள். கதவு பூட்டியிருந்தது. எல்லோரும் பள்ளிக்கூடத்து முகாமுக்கு அப்போதே போய்விட்டதாக மாடி வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். தன்னிடமிருந்த சாவியால் திறந்தாள். கதவுக்குப் பின்னால் ஒரு பையும் இல்லை. அவளுடைய புடவையும் டார்ச்சும் மட்டும் கட்டிலில் கொட்டிக் கிடந்தன.

முகாமில் மூவரும் உலர்ந்த துணியில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பைக்குள் மிக்ஸி இருந்தது.

“அதை வைக்க வேற பை இல்ல அத்தை” என்றாள் மருமகள்.

சார்ஜை மிச்சம் பிடிக்கச் சொன்னதே அம்மாதானே என்றான் மகன்.

கணவர் அவள் எடுத்து வைத்திருந்த பிரஷர் மாத்திரையை, அவள் நிரப்பி வைத்த தண்ணீரில் விழுங்கிவிட்டு, “உனக்கென்ன, எப்படியும் வந்து சேர்ந்துடுவேன்னு தெரியும்” என்றார். பிறகு பக்கத்துக் குடும்பத்தின் பக்கம் திரும்பி, நாங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாராக வைத்திருந்தோம் என்று பெருமையடித்தார்.

நனைந்த புடவையைவிட அந்த ‘நாங்கள்’தான் அவளுக்கு அதிகம் குளிர்ந்தது. யாரிடமும் அவள் சண்டை போடவில்லை.

வெள்ளம் வடிந்ததும் வீட்டைக் கழுவினாள். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் பை தைத்துக் கொடுத்தாள். ‘சைரன்’ என்று கூப்பிட்டவர்கள் இப்போது ‘அக்கா’ என்றார்கள்.

அடுத்த மழைக்காலம் தொடங்கியது. கதவைச் சாத்தப் போன கணவர் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒரே ஒரு பை தொங்கியது.

“எங்க பையெல்லாம் எங்க?”

“உள்ள இருந்ததை எல்லாம் அலமாரியில வச்சிருக்கேன். வேணும்னா எடுத்து மூட்டை கட்டிக்கோங்க.”

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று அவர் சிரித்துப் பார்த்தார். அவள் நூலை அறுத்துவிட்டு, அடுத்த துணியை ஊசிக்கு அடியில் நகர்த்தினாள்.