கூண்டக்கா வந்தாச்சு

கூண்டுக்குள் தோள்வரை கையை விட்டு ஒவ்வொரு கம்பியாகத் தடவிப் பார்க்கிறார் கூண்டக்கா. கூர்முனை எதுவும் விரலில் படவில்லை. தரைத்தகட்டை லேசாகத் தட்டுகிறார், கதவு விழுகிறது. அதன் அடிவிளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறார். "வாலு நசுங்கக் கூடாதுல்ல," என்கிறார்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். பூனையைக் காணோம் என்று யாராவது வந்து நின்றால் கூண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரே சங்கடம், பூனை அருகே வந்தாலே அவருக்குத் தும்மல் பிய்த்துக்கொண்டு வரும். "நான் வளக்க முடியாது. மத்தவங்க பூனையையாவது தேடிக் குடுக்கிறேன்."

இன்று வந்திருப்பவர் எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார். மனைவி வேலையாக வெளியூர் போயிருந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்துபோட்டார், பூனை குதித்தோடிவிட்டது. "கெடச்சா கூப்பிடுங்க, இல்லேன்னா கூப்பிடவே கூப்பிடாதீங்க" என்று மனைவி போனை வைத்துவிட்டார். தெருத்தெருவாகக் கூவியதில் மனிதருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"கத்தாதீங்க சார். பயந்து கெடக்குற பூனைக்கு உங்க குரலும் லாரிச் சத்தமும் ஒண்ணுதான். உங்க வீட்டம்மா துணி ஒண்ணு கொண்டாங்க."

இஸ்திரி போட்ட சேலையைக் கொண்டுவந்தார்.

"துவைக்காததுங்க. வாசனை வேணாமா?"

கார் நிறுத்தும் இடத்து நிழலில் கூண்டை வைத்து, தாள் விரித்து, அழுக்குத் துணியையும் வறுத்த மீனையும் உள்ளே வைத்தார். வாத்தியார் வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தார்.

"கூண்ட வெச்சிட்டுப் போறது, கொழந்தயக் கடத்தெருவுல விட்டுட்டுப் போற மாதிரி. உக்காருங்க."

படிக்கட்டில் ஒளிந்து உட்கார்ந்தார்கள். முதலில் மாட்டியது யார் வீட்டுக் கடுவன் பூனையோ. மீனை ஒன்றுவிடாமல் தின்று முடித்து, கதவைத் திறந்துவிட்டதும் மாப்பிள்ளை மாதிரி நடந்து போனது. கூண்டக்கா அலுத்துக்கொள்ளாமல் வேறு மீன் வைத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு வெள்ளைக் கால் தெரிந்தது. தன் வீட்டுப் பூனைதான் என்று தெரிந்து வாத்தியார் மூச்சை அடக்கினார். கூண்டக்காவோ முந்தானையை வாயில் திணித்துத் தும்மலை அடக்கினார். பூனை கூண்டைச் சுற்றி வந்தது, துணியை மோந்தது, உள்ளே போனது. கதவு விழுந்தது.

ஓடப்போன வாத்தியாரின் சட்டையைக் கூண்டக்கா பிடித்து இழுத்தார். "இங்க தொறந்தா போச்சு."

கம்பியில் முட்டி மோதிய பூனை, போர்வையைப் போர்த்தியதும் மெல்ல அடங்கியது. வீட்டுக்குள் கொண்டுபோய்க் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திய பிறகுதான் கூண்டக்கா வாய்விட்டுத் தும்மினார்.

வாத்தியார் மனைவியைப் போனில் அழைத்தார். "சொல்லுங்க," என்றது அந்தக் குரல். கட்டிய தொண்டை இப்போது முழுசாகவே அடைத்துக்கொண்டது; அவர் கண்ணைத் துடைத்தபடி நின்றார். கூண்டக்கா போனை வாங்கினார். போர்வையின் ஓரத்தைக் கொஞ்சமாகத் தூக்கி, பூனையின் முகத்துக்கு அருகே போனைப் பிடித்தார்.