நாலு மாதம், நாலு நாள்

பஹ்ரைனில், ஈசா டவுனில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். விடைத்தாளில் ஒரு பூஜ்யம் விட்டுப்போனால்கூட மதிப்பெண்ணை வெட்டிவிடுவேன். பிள்ளைகள் என்னைக் கண்டாலே பம்முவார்கள். அப்படிப்பட்ட நான்தான் ஒரு உயிர் விஷயத்தில் மாதத்தை நாளாக்கிச் சொன்னேன். இதை எழுதக் கை கூசுகிறது.

எங்கள் வீட்டோடு தங்கி வேலை செய்தவள் இலங்கையில் அம்பாறைப் பக்கத்துக்காரி. பாம்பாட்டிக்கொண்டும் குறி சொல்லிக்கொண்டும் ஊர் ஊராகப் போன குறவர் குடும்பம்; ஓரிடத்தில் வீடு கிடைத்துத் தங்கிய பிறகு பிறந்தவள் இவள். இதை ஏஜென்சியில் மறைத்திருந்தாள். எங்களிடமே இரண்டாம் வருஷம்தான் சொன்னாள். எங்களிடம் வருமுன் குவைத்தில் ஓர் அரபி வீட்டில் வேலை. ஊரில் ஒரு மகள். இன்னொரு பிள்ளை வேண்டும், அதற்காகவே அடுத்த வருஷம் திரும்பிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ரத்தம் போறது நிக்குதில்ல. அடிவயிறும் நோகுது."

அவள் இப்படி முதலில் சொன்னபோது என் மகளுக்கு போர்டு எக்ஸாம் நெருங்கிக்கொண்டிருந்தது. முடியட்டும், போகலாம் என்றேன். எக்ஸாம் முடிந்தது. ஊரிலிருந்து உறவினர் வந்தார்கள். பிறகு நோன்பு மாதம் வந்தது. சாக்குக்கா பஞ்சம்? அவளும் மறுபடி கேட்கவில்லை. மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்க ஆரம்பித்த பிறகுதான் ஹெல்த் சென்டருக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே வயதான பஹ்ரைனி டாக்டரம்மா ஒருவர். எவ்வளவு நாளாக இப்படி என்று என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். நான் அவளிடம் கேட்டேன்.

"நாலு மாசம் அக்கா."

"ஃபோர் டேஸ்," என்றேன் டாக்டரிடம்.

நாலு மாதம் என்றால், இத்தனை நாள் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்ற கேள்வி என் பக்கம் திரும்பும். அவ்வளவுதான் காரணம். இதைவிட நல்ல காரணம் ஏதாவது உண்டா என்று எனக்குள் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொடுத்து, நிற்காவிட்டால் இரண்டு வாரத்தில் வரச் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் அவள் சமையலறையில் சுருண்டு விழுந்தாள். மறுபடி அதே அறை, அதே டாக்டரம்மா. கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் பதினாறு நாளாக," என்றார்.

"அன்றைக்கு நான் பொய் சொன்னேன் டாக்டர். நாலு மாதமாகவே இருந்திருக்கிறது."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியை அவள் பக்கம் திருப்பி அரபியில் கேட்டார். அவள் அரபியிலேயே தட்டுத்தடங்கல் இல்லாமல் நிறையச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள்; கட்டியோடு கர்ப்பப்பையையும் எடுக்க வேண்டியதாயிற்று. முன்னாலேயே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம் என்றார்கள். வார்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது, அப்படியும் நிற்கவில்லை. அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நான் நாலு நாள்னு சொன்னது உனக்கும் புரிஞ்சிருக்குமே. உனக்குத்தான் அரபி தெரியும். அன்னைக்கே நீ சொல்லியிருக்கலாம்ல?"

"எங்கட ஊர் ஆஸ்பத்திரியில நாங்க சொன்னா எழுதமாட்டாங்க அக்கா. குறத்தி பொய் சொல்லுவாளெண்டு சிரிப்பாங்க. கூட ஒரு நல்ல ஆள் வந்து சொன்னாத்தான் எழுதுவாங்க. அதுதான் நான் வாய் திறக்கேல்ல."

அன்று அவளோடு கூடப் போன நல்ல ஆள் நான்.