முதலில் ஏறுபவர்

"காலிஃபிளவர் கூட்டு ஃப்ரிட்ஜில். சூடு பண்ணும்போது கொஞ்சம் தண்ணீர் தெளிக்கவும். கேஸ் புக் பண்ணிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு உங்களை முழித்த கண்ணோடு பார்க்கவில்லை."

என் மனைவி ஜூலை 22, சனிக்கிழமை, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் எழுதிவைத்த குறிப்பு இது. தாளின் முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம் எல்லாம் அச்சாகியிருக்கிறது. அந்த ஜூனிலிருந்து அக்டோபர்வரை இப்படிப்பட்ட தாள்கள் தொண்ணூற்றொன்று சேர்ந்தன. தேதி வரிசையில் அடுக்கி, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். கல்லூரி முடித்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். எதையும் தேதியில்லாமல் எறிய எனக்கு வராது. வருடத்தை மட்டும் இங்கே விட்டுவிடுகிறேன். யாரும் என் அலுவலகத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டாம்.

ரிங் ரோட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் வேலை. எந்த கேப் எந்தப் பகுதிக்குப் போகும், அதில் யார் முதலில் ஏறுவார், யார் கடைசியில் ஏறுவார் என்று தினமும் பட்டியல் போடுவேன். மாடியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை வாங்கும் சம்பளத்தில் பாதி எனக்கு வராது. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இருந்ததில்லை. காலை ஏழு மணிக்கு டெஸ்க்கில் உட்கார்ந்தால் மாலை நாலு மணிக்கு எழுந்துவிடலாம். ஐந்தரைக்கு லிங்கராஜபுரத்தில் வீடு.

மனைவி ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இரவுப் பணி கேட்டு வாங்கியிருந்தாள். மாலை ஆறே முக்காலுக்குக் கிளம்பிப் போனால் மறுநாள் காலை ஒன்பதுக்குத்தான் திரும்புவாள். அப்போது நான் அலுவலகத்தில் இருப்பேன். ஆக, ஐந்தரையிலிருந்து ஆறே முக்கால் வரை, எழுபத்தைந்து நிமிடம். எங்கள் தாம்பத்தியத்தின் மொத்த நீளம் அதுதான். அவள் காப்பி போடுவாள், நான் அவளுடைய டிபன் பாக்ஸைக் கட்டுவேன். எதிர்வீட்டு நாயைப் பற்றிப் பேசுவோம். பிறகு பஸ் நிறுத்தம்வரை நடந்துபோவோம். இந்த ஊரில் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை, நிமிடத்தில்தான் சொல்வார்கள். எங்கள் சந்தோஷத்தையும் நான் அப்படித்தான் அளந்து வைத்திருந்தேன்.

ஜூன் 7, புதன்கிழமை, அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு தண்ணீர் டேங்கர் குறுக்கே நின்றுவிட்டதால் ஒரு கேப் பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்தது. அதில் வந்தவர் ஒரு மேலாளர். தமிழ்நாட்டில் ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து வந்து, பத்து வருடத்தில் ஏரியைப் பார்த்த அடுக்குமாடியில் வீடு வாங்கியவர். என்னைவிட எட்டு வயதாவது இளையவர். அன்று வெளிநாட்டு வாடிக்கையாளரோடு அவருக்கு இருந்த அழைப்பு தவறிவிட்டது. மதியம் நேராக என் டெஸ்க்குக்கு வந்தார். பக்கத்தில் அவருடைய ஆட்கள் நாலு பேர் நின்றார்கள்.

"அண்ணா, நீங்க நாலு மணிக்கே பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுறீங்களாமே. சாயந்திரம் ரோஸ்டர் மாறினா யார் பாக்குறது?"

"அடுத்த நாளுக்கு எல்லாம் போட்டு வச்சிட்டுத்தான் சார் போறேன்."

"இனிமே பத்துலேர்ந்து ஏழுன்னு வச்சிக்கலாம். அட்மின்ல நான் பேசிக்கிறேன்."

"சார், வீட்ல அவங்களுக்கு ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை. நைட் டியூட்டி. சாயந்திரம் ஒரு மணி நேரம்தான் பார்த்துக்குவோம்."

"அந்த ஒரு மணி நேரத்துல என்னண்ணா ஆயிடப் போகுது?" என்று சிரித்தார். பிறகு தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க சம்பளத்த மணிக்குப் பிரிச்சுப் பாருங்க. ஒரு பிரியாணிகூட வராது."

நாலு பேரும் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் 12, திங்கட்கிழமை, புது நேரம் தொடங்கியது. காலை எட்டரைக்கு நான் கிளம்புவேன், ஒன்பதுக்கு அவள் வருவாள். சில நாள் காக்ஸ் டவுன் அருகே அவள் வரும் பஸ்ஸும் நான் போகும் பஸ்ஸும் எதிரெதிரே கடக்கும். ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். இரவு எட்டரைக்கு நான் கதவைத் திறந்தால் காலண்டர் தாள் ஒன்று ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை, ஆனால் அவள் மூன்று மணிவரை தூங்கவேண்டும். நான் சத்தமில்லாமல் புத்தகம் படித்துக்கொண்டிருப்பேன். படித்த வரி ஒன்றும் மனதில் தங்காது. அந்த ஆளை எப்படித் திருப்பி அடிப்பது என்பதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

வழியை அவரே போட்டுக் கொடுத்தார்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. விடிவதற்கு முன் ஓடும் கேப்பில் ஓட்டுநரோடு ஒரு பெண் மட்டும் தனியாக இருக்கக்கூடாது. அதற்காக முன்சீட்டில் ஒரு செக்யூரிட்டி வருவார். ஜூலைக் கடைசியில் மேலாளர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். செலவைக் குறைக்க செக்யூரிட்டியை நிறுத்துகிறோம், அதற்குப் பதிலாக ஒவ்வொரு கேப்பிலும் ஓர் ஆண் ஊழியர் முதலில் ஏறுவார். கீழே அவர் கையெழுத்து. இந்த யோசனைக்காக அவரை ஒரு கூட்டத்தில் மேடையேற்றிக் கைதட்டினார்கள்.

அவருடைய குழு காலை ஏழு மணிக்கு வேலையைத் தொடங்கும். அவருடைய கேப்பில் மூன்று பெண்கள்: கல்யாண் நகரில் ஒருத்தி, லிங்கராஜபுரத்தில் ஒருத்தி, காக்ஸ் டவுனில் ஒருத்தி. அலுவலகம் போகும் வழியில் அல்சூர்தான் கடைசி நிறுத்தம் என்பதால் அவர் ஐந்து ஐம்பதுக்கு ஏறிக்கொண்டிருந்தார். அந்தக் கேப்பில் ஆண் அவர் ஒருவர்தான். விதிப்படி யார் முதலில் ஏறவேண்டும்?

ஆகஸ்ட் 7, திங்கட்கிழமை முதல் அவரை நாலு ஐம்பத்தைந்துக்கு ஏற்றினேன். கேப் அவரை அல்சூரில் ஏற்றிக்கொண்டு எதிர்த்திசையில் கல்யாண் நகர் போகும். அங்கிருந்து ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு, சரியாக ஐந்து ஐம்பதுக்கு அவருடைய அடுக்குமாடி வாசலையே மறுபடி கடந்து போகும். அவர் தன் வீட்டுக் கேட்டைக் கண்ணாடி வழியாகப் பார்க்கும் அந்த நொடியை நினைத்து நான் எத்தனை நாள் சிரித்திருக்கிறேன் என்று கணக்கில்லை. எங்களிடமிருந்து அவர் எடுத்தது எழுபத்தைந்து நிமிடம். நான் எடுத்தது ஐம்பத்தைந்துதான். மீதி இருபதை எங்கே எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கேப் ஓட்டுநர் அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பட்டியலைப் பார்த்ததும் என் டெஸ்க்குக்கு வந்தார்.

"ணா, இன்னா ரூட்டு போட்டுக்கீற? அல்சூர்ல ஏத்தி, கல்யாண் நகர் போயி, மறுபடியும் அல்சூரா? கிரகசாரம்!"

"விதி அப்படி."

"எனக்கின்னா, டீசல் கம்பெனியுது. அந்த ஆளு கத்துவாருணா."

"கத்தட்டும். சர்க்குலர் இருக்கு."

முதல் வாரமே தொலைபேசியில் கத்தினார். சுற்றறிக்கையின் நகலை அவருக்கே அனுப்பினேன். செக்யூரிட்டியைத் திரும்பக் கேட்டால் மேடையில் வாங்கிய கைதட்டலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேட்கவில்லை. தூக்கம் கெட்டு இரண்டு வாரத்தில் வழிக்கு வருவார், "ஏதாவது அட்ஜஸ்ட் பண்ணுங்கண்ணா" என்பார், அப்போது என் நாலு மணியைக் கேட்கலாம் என்று காத்திருந்தேன். என்ன சொல்லவேண்டும் என்று வார்த்தைகூடத் தயாராக இருந்தது. ஆகஸ்ட் போயிற்று, செப்டம்பர் போயிற்று. அவர் வரவில்லை. பிஸ்கட் டப்பாவில் தாள்கள்தான் ஏறிக்கொண்டிருந்தன. அவற்றில் எழுத்து குறைந்துகொண்டே வந்தது. செப்டம்பர் கடைசித் தாளில் "பால் இல்லை" என்று மட்டும் இருந்தது.

அக்டோபர் 4, புதன்கிழமை, ஓட்டுநரிடம் கேட்டே விட்டேன்.

"அவரா? செம ஜாலியா வராருணா" என்றார். "மொதல்ல மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு வந்தாரு. இப்ப எனக்கு முன்னாடி கேட்டாண்ட வந்து நின்னுக்கினு இருக்காரு. போனை ஆஃப் பண்ணிடுவாரு. பாட்டும் வேணாம்பாரு. கல்யாண் நகர்ல அந்தம்மா எறங்கி வர்ற வரைக்கும் சைக்கிள்ல விக்கிறவன்கிட்ட டீ ஒண்ணு வாங்கிக் குடிச்சிக்கினு சும்மா நிப்பாரு. ஒருநாள் என்கிட்டயே சொன்னாரு, 'வீட்ல ஆளு, ஆபீஸ்ல ஆளு, இந்த நேரம் ஒண்ணுதான்யா எனக்குன்னு இருக்கு'ன்னு. பாவம்ணா, நல்ல மன்ஷன்."

எங்கள் மாலையைப் பிடுங்கியவனுக்கு நான் ஒரு காலையைப் பரிசாகக் கொடுத்திருக்கிறேன். அதுவும் என் கையாலேயே பட்டியல் போட்டு.

கொடுத்தவனால் எடுக்கவும் முடியும். அந்த வாரம் அவருடைய தளத்தில் புதிதாக ஓர் இளைஞன் சேர்ந்தான். வீடு ஹென்னூரில், கல்யாண் நகருக்கும் அப்பால். முதலில் ஏற அவனைவிடப் பொருத்தமான ஆண் யார்? அக்டோபர் 9, திங்கட்கிழமை முதல் மேலாளரைப் பழையபடி ஐந்து ஐம்பதுக்கு மாற்றினேன். யார் பார்த்தாலும் அது ஒரு சலுகை.

வியாழக்கிழமை வந்தார். தனியாக.

"அண்ணா, கேப் டைம் மாத்திட்டீங்களா?"

"ஆமா சார். ஹென்னூர்ல ஒருத்தர் சேர்ந்திருக்காரு. நீங்க இனிமே அம்பத்தஞ்சு நிமிஷம் கூடத் தூங்கலாம்."

"இல்ல... எனக்குப் பழைய டைமே இருக்கட்டும். பழகிடுச்சு."

"அஞ்சு மணிக்கு முன்னாடியேவா சார்?"

"ம்."

நான்கு மாதமாக வாயில் வைத்திருந்ததை அப்போது துப்பினேன். "அந்த அம்பத்தஞ்சு நிமிஷத்துல என்ன சார் ஆயிடப் போகுது?"

அவருக்கு அது எங்கேயோ கேட்ட வார்த்தையாக இருந்திருக்க வேண்டும். என் மேசையில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்தார். காதுமடல் சிவந்தது.

"உங்களுக்கு என்ன வேணும், அண்ணா?"

"நாலு மணிக்குப் போகணும்."

"சரி. கேப்?"

"நீங்க மெயில் போட்டதும் மாத்திடுறேன் சார்."

வெள்ளிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு மெயில் வந்தது. டிரான்ஸ்போர்ட் டெஸ்க் திங்கள் முதல் பழையபடி ஏழிலிருந்து நாலு. அச்செடுத்து மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அவருடைய கேப்பை நான் மாற்றவில்லை. அடுத்த வாரம் கேட்டார். "சிஸ்டம் எடுத்துக்கல சார்" என்றேன். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னேன். மூன்றாவது வாரம் அவர் கேட்கவில்லை. சிஸ்டம் எதையும் எடுத்துக்கொள்ளும். பெயரைப் பிடித்து மேலே இழுத்துவிட்டால் போதும், இரண்டு நொடி வேலை. வார்த்தை தவறியது எனக்குத் தெரியும். தவறவேண்டும் என்றே தவறினேன். பதினெட்டு வாரம் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போன ஒரு முகத்தை அவர் பார்த்ததில்லை, நான் பார்த்தேன்.

அக்டோபர் 16, திங்கட்கிழமை, ஐந்து இருபத்தெட்டுக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். காப்பியைக் கையில் வாங்கியதும் எல்லாவற்றையும் தேதிவாரியாகச் சொன்னேன். டேங்கர், சுற்றறிக்கை, கல்யாண் நகர், ஹென்னூர். அவள் சீப்பைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"அப்ப அவருக்கு அந்த டீ போச்சா?"

"போச்சு."

"பாவம். குடுத்துருங்களேன்."

"மாட்டேன்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "எனக்கு இருக்குறது எழுபத்தஞ்சு நிமிஷம். அதுல இருபது நிமிஷம் அந்த ஆளைப் பத்தியே பேசிட்டீங்க. இப்பவாவது டிபன் பாக்ஸைக் கட்டுங்க."

கட்டினேன். பஸ் நிறுத்தம்வரை நடந்தோம். எதிர்வீட்டு நாய் குட்டி போட்டிருந்தது. அது எப்போது போட்டது என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருக்கவில்லை.

மேலாளர் அடுத்த ஏப்ரலில் வேலையை விட்டுப் போய்விட்டார். இன்னும் பெரிய சம்பளம், இன்னும் பெரிய நிறுவனம் என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள். நான் இன்னும் மாலை நாலு மணிக்குத்தான் டெஸ்க்கைவிட்டு எழுந்திருக்கிறேன்.

போன மாதம் ஓட்டுநர் ஒன்று சொன்னார். விடிவதற்கு முன் ஏரிக்கரை ஓரமாக ஒரு காரை நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு, முன்சீட்டில் ஓர் ஆள் கையில் காகித டம்ளரோடு சும்மா உட்கார்ந்திருப்பதை மூன்று முறை பார்த்தாராம். "நம்ம பழைய மேனேஜர்தாம்ணா" என்கிறார். இருட்டில், ஓடுகிற வண்டியிலிருந்து பார்த்தது. காரின் எண்ணை அவர் குறித்துக்கொள்ளவில்லை. நாட்குறிப்பில் தேதி போட்டு எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறேன். அது அவர்தானா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.