ஐந்தாவது கொம்பு

சின்ன வயசிலிருந்தே எனக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் ஊசி இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. டேப்லெட்டில் படம் வரைந்து இன்ஸ்டாவில் போடும் பக்கத்தில் இதையும் மறைக்காமல் எழுதியிருந்தேன்.

அன்று காலை அம்மா மில்லுக்குப் போய்விட்டாள். ஊசி போட்டுக்கொண்டவள், வரையும் ஆசையில் சாப்பிடாமலே லைவில் உட்கார்ந்துவிட்டேன். காங்கேயம் காளை. கை அத்தனை லேசாக ஓடியது. இவ்வளவு நன்றாக நான் வரைந்ததே இல்லை என்று தோன்றியது. பார்த்தவர்களும் ஹார்ட்டாக அள்ளிப் போட்டார்கள். "மாடர்ன் ஆர்ட், சூப்பர்!" என்று ஒருவர் எழுதினார்.

போன் அடித்தது. படம் கேட்பவர்களுக்காகப் பக்கத்தில் கொடுத்திருந்த நம்பர்.

"ஏனுங்க அம்மணி, காளைக்கு எத்தனை கொம்புங்க போடுவீங்க?" முன்பின் தெரியாத ஒரு பெண் குரல். அதில் சிரிப்பு இல்லை. "எம் பொண்ணுக்கும் இதே நோவுதானுங்க. சக்கரை எறங்குனா அவளும் இப்படித்தான் போட்ட கோட்டையே போடுவா. பேனாவ வெச்சுப்போட்டு சக்கரைய வாயில போடுங்க கண்ணு. நான் போன வெக்க மாட்டேன்."

சர்க்கரை டப்பா கையில் இருந்தது. மூடியை எப்படித் திறப்பதென்று தெரியவில்லை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"திருகுங்க கண்ணு, திருகுங்க."

சாயங்காலம் அந்த வீடியோவைப் பார்த்தேன். காளைக்கு ஐந்து கொம்புகள். ஐந்தாவது, தலையை விட்டு விலகி வெறும் வெள்ளையில் தொங்கியது.

இன்றும் வரைகிறேன். கோடு கோணலாக வந்தால் பயமில்லை. ரொம்ப நன்றாக வருகிறது என்று தோன்றினால்தான், பேனாவை வைத்துவிட்டு விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கிறேன்.