பொதுச்சுவரில் காபி மெஷின்

எழுபதுகளின் நடுவில் மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் எனக்கு வேலை. குடியிருப்பு செங்கல்பட்டில். லாட்ஜில் மாதக்கணக்காகத் தங்கியிருந்த ஒரு இத்தாலிக்காரர், அறையிலேயே அடுப்பு வைத்து, பட்டை பட்டையான அலுமினியப் பாத்திரத்தில் காபி போடுவார். கீழே தண்ணீர், நடுவில் தூள். கொதித்தால் டிகாஷன் மேலே ஏறி வரும். எக்ஸ்பிரஸோ என்று சொல்லி ஒரு வாய் கொடுத்தார். கசப்பில் காதுவரை சிலிர்த்தது. ஆனாலும் அன்றிலிருந்து வீட்டு ஃபில்டர் காபி எனக்குக் கழுநீராகிவிட்டது. ஊருக்குப் போகும்போது பாத்திரத்தை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடையில் அரைக்கும் தூள் அதற்கு ஆகாது, இன்னும் நைசாக வேண்டும். பழைய சாமான் கடையில் கையால் சுற்றிக் கொட்டை அரைக்கும் காபி மெஷின் ஒன்றை வாங்கிவந்து, சமையலறைச் சுவரில் பலகை அடித்து அதில் முடுக்கினேன். அந்தச் சுவருக்கு அப்பால் வீட்டுக்கார பாயின் குடும்பம். ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

விடியற்காலையில் எழுந்து அரைப்பேன். திருகைத் தளர்த்தினால் தூள் ரவையாக விழும். டிகாஷன் வெறும் தண்ணீர். இறுக்கினால் மைதாவாக விழும். பாத்திரம் அடைத்துக்கொண்டு சீறும். மெஷின் கைப்பிடியும் நகராது. சுவரில் காலை உதைத்துக்கொண்டு சுற்றுவேன். வியர்த்து விறுவிறுத்து நான் நீட்டிய டம்ளரை என் மனைவி முகர்ந்து பார்த்தாள்.

"வவுத்துப் புள்ளக்காரி இத்த குடிக்கலாமான்னு டாக்டரம்மாவ ஒரு வார்த்தை கேட்டுகினு வாங்க" என்றாள்.

அவளுக்கு ஏழாம் மாதம். நானே குடித்துவிட்டு, ஆகா என்றேன். என் வயிறு வேறு அபிப்பிராயம் சொன்னது.

ஒரு நாள் காலை பாய் வாசலில் வந்து நின்றார். அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரன் பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"இன்னா தம்பி, வூட்டுக்குள்ள லாரி ஓட்டிகினு கீற? கொழந்தை எப்டி தூங்கும்? மாசக் கடைசிக்குள்ள வேற வூடு பாத்துக்க."

மனைவிக்குத் தாய்வீடு என்று போக யாருமில்லை. ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு பக்கத்தில் இன்னொரு வீடு கிடைக்காது. பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு தெருத் தெருவாக அலைய வேண்டும், அதுவும் ஒரு கசப்புத் தண்ணீருக்காக. அவள் என்னைத் திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. அவளோ மெஷின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

மறுநாள் காலை சுவருக்கு அப்பால் குழந்தை வீறிட்டது. அதற்கு மறுநாளும் அப்படியே. பிறகு பாயின் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக எங்கள் சமையலறைக்கே வந்துவிட்டார். பின்னால் கண் சிவந்த பாய்.

"அந்த சத்தம் கேட்டாத்தாம்பா இவன் தூங்கறான். முழிச்சிகினு பேஜார் பண்ணது இவரு. பழிய புள்ள மேல போட்டுட்டாரு. சுத்து."

பாய் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காபிக்கொட்டை தீந்து போச்சும்மா" என்றேன்.

"கொட்டை இன்னாத்துக்கு? சும்மா சுத்து."

வெறும் மெஷினைச் சுற்றினேன். குழந்தை ஏமாறவில்லை, இன்னும் உரக்க அழுதது. அந்தம்மா தன் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வறுத்த மல்லி கொண்டுவந்து கொட்டினார். கர்ரென்று அரைபட்டதும் பிள்ளையின் இமை இறங்கிவிட்டது. அதன்பிறகு வீட்டைக் காலி செய்யும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அன்று முதல் இரண்டு குடும்பத்துக்கும் மல்லி, மிளகு, சீரகம் அரைத்துக்கொடுப்பது என் உத்தியோகமாயிற்று. எக்ஸ்பிரஸோவையும் விடவில்லை. அது ரசமாக மணந்தது. இப்போதுதான் வாயில் வைக்கிற மாதிரி இருக்கிறது என்றாள் மனைவி.

பாயின் பேரன் தன் அப்பா ஊருக்குப் போன அதே வாரம் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே விடியலில் அழ ஆரம்பித்தாள். எனக்குத்தான் வித்தை தெரியுமே என்று மல்லியைப் போட்டுச் சுற்றினேன். இன்னும் வீறிட்டாள். மெஷின் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். எனக்குப் பரிந்து பேசிய பேரனும் இப்போது இல்லை. நான் பயந்தபடியே கதவு தட்டும் சத்தம் கேட்டது. பாய்தான்.

"பாய், மாசக் கடைசிக்குள்ள நானே வேற வூடு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னை விலக்கிக்கொண்டு உள்ளே போய், கைப்பிடியைப் பிடித்தார். அவசரப்படாமல், ஒரே சீராகச் சுற்றினார். மகளின் அழுகை விம்மலாகி, பிறகு அதுவும் அடங்கியது.

"இத்தினி மாசமா கேட்டுகினு கீறேன். உனுக்கு சுத்தவே வர்ல" என்றார் பாய். கை நிற்கவில்லை. "நீ போய்ப் படு தம்பி. பேரன் போனதுலேர்ந்து வூடு கம்முனு கீது. எனுக்குத் தூக்கமே வர்றதில்ல."