மூன்றாம் நாள் கையெழுத்து

அரச பணத்தை எப்படிச் சட்டப்படி செலவழிப்பது என்று அரச ஊழியர்களுக்குப் படிப்பிப்பதுதான் ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த தொழில். முப்பது வருடம் கணக்காளராக இருந்தவளுக்கு அதைவிட வேறென்ன தெரியும்? மன்னாரில் எங்காவது ஒரு மண்டபத்தில் புரொஜெக்டரும் தேத்தண்ணியும் இருந்தால், அங்கே நிதிப் பிரமாணங்களைப் பற்றி நான் பேசிக்கொண்டிருப்பேன். கேட்க வந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் அதில் ஒரு மனவருத்தமும் இல்லை.

இந்தப் பயிற்சிகளெல்லாம் ஏன் டிசம்பரில் வருகின்றன என்று யாரும் கேட்பதில்லை. பயிற்சிக்கென்று ஒதுக்கிய பணம் வருட முடிவுக்குள் செலவாகாவிட்டால் திறைசேரிக்குத் திரும்பிவிடும். திரும்பினால் அடுத்த வருடம் குறைத்துத் தருவார்கள். ஆகவே மாரிமழை கொட்டக் கொட்ட, பதினொரு மாதமாக யாருக்கும் வராத அறிவுப்பசி எல்லா அரச கந்தோர்களுக்கும் ஒரே நேரத்தில் வந்துவிடும். வீண்செலவைத் தவிர்ப்பது எப்படி என்ற வகுப்பை, மிச்சக் காசைத் தீர்ப்பதற்காக நடத்துவார்கள். நானும் போய் நடத்துவேன். வகுப்பெடுப்பவருக்குக் கொடுப்பனவு நல்லது.

அந்த வருடமும் அப்படித்தான். எந்தக் கந்தோர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றக் கந்தோர்கள் தாங்கள் வேறு என்று நினைத்துவிடும். மன்னார்த் தீவில் ஒரு மண்டபம், மூன்று நாள் பயிற்சி, முப்பது பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு பை, ஒரு பேனா, ஒரு கொப்பி. பையை மூடும் சிப் முதல்நாள் தேத்தண்ணிக்கு முன்னமே போய்விட்டது. மத்தியானச் சாப்பாடு எருக்கலம்பிட்டியிலிருந்து வந்தது. வீட்டில் சமைத்து விற்கும் ஒரு பெண்மணியின் கைப்பக்குவம். அந்தச் சோற்றுக்காகவே சிலர் மத்தியானம் வரை தூங்காமல் இருந்தார்கள்.

எங்கள் பயிற்சிகளில் ஒரு வழக்கம் உண்டு. வரவுப் பதிவேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் காலைக்கு ஒரு கட்டம், பின்னேரத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். மூன்று நாளுக்கும் ஆறு கட்டங்கள். முதல்நாள் காலையிலேயே ஆறிலும் கையெழுத்து வைத்துவிடுவார்கள். பெருநிலத்துக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க மூன்று மணிக்கே ஓடவேண்டியவர்கள் தொடங்கிவைத்த வழக்கமாம். பிறகு மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவரும் அதையே கைக்கொண்டார். பின்னேரம் மழை பெய்யுமா என்று தெரியாமல் குடையோடு வந்தவர்கள், நாளை மறுநாள் நான்கு மணிக்குத் தாங்கள் இதே கதிரையில் இருப்போம் என்று எழுதிக் கையொப்பமிடுவார்கள். எதிர்காலத்தில் இவ்வளவு நம்பிக்கை வைத்த சனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அன்று இருபத்தொன்பது பேர் அப்படி வைத்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் அன்றைய காலைக் கட்டத்தில் வைத்துவிட்டுப் பேனாவை மூடினாள். பெருநிலத்தில், அரிப்பிலிருந்து வருகிறவள். தகப்பன் கடற்றொழில். முகாமைத்துவ உதவியாளராக, பழைய பெயரில் கிளாக்கராக, வேலை கிடைத்து மூன்று வருடம் முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. அதுவரைக்கும் தகுதிகாண் காலம். இடையில் ஒரு குற்றச்சாட்டு விழுந்தால் நியமனம் நிரந்தரமாகாது, வீட்டுக்கே அனுப்பிவிடலாம். வீட்டுக்கு மாதாமாதம் தவறாமல் வருவது தன்னுடைய சம்பளம் ஒன்றுதான் என்று தேத்தண்ணி நேரம் சொன்னாள். முன்வரிசையில் இருந்து நான் சொன்னதையெல்லாம் எழுதினாள். வகுப்பில் ஒருவர் கவனிப்பது எனக்கே புதிதாக இருந்தபடியால் கொஞ்சம் தடுமாறிப்போனேன்.

அன்று நான் படிப்பித்த முதல் விடயம், நடக்காத ஒன்றை நடந்ததென்று உறுதிப்படுத்திக் கையொப்பமிடுவது குற்றம் என்பது. இரண்டாவது, அவசரத்தில் அரச பணம் வேறொன்றுக்குப் போக நேர்ந்தால் அதை மறைக்கக்கூடாது. என்ன நடந்ததென்று உள்ளபடி ஒரு கடிதம் எழுதி மேலிடத்தின் அங்கீகாரத்தைக் கேட்கவேண்டும் என்பது. பிள்ளை இரண்டையும் எழுதிக் கீழே கோடும் போட்டாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் அருவியாறு பெருகிவிட்டது. எல்லோரும் வெள்ளக் கடமைக்குப் போகவேண்டுமென்று அறிவித்தல் வந்தது. ஐந்து நிமிடத்தில் மண்டபம் காலி. கடமையுணர்ச்சி அப்படி. இருபத்தொன்பது பேரும் தங்கள் வீட்டு வெள்ளத்தைப் பார்க்கப் போனார்கள் என்று பிறகு தெரிந்தது. சிலர் வீட்டுப் பக்கம் வெள்ளமே இல்லை. அந்தப் பிள்ளை மட்டும் கடைசி பஸ்ஸில் அரிப்புக்குப் போய், ஆற்றங்கரைச் சனங்களைத் தங்கவைத்திருந்த பாடசாலையில் பெயர் பதிந்து, பாய் பங்கிட்டு, மூன்றாம் நாள் முழுவதும் நின்றாள். அந்த முகாமின் கடமைப் பதிவேட்டிலும் அன்றைக்குக் கையெழுத்து வைத்தாள்.

மூன்றாம் நாள் பயிற்சி நடக்கவில்லை. ஆனால் எருக்கலம்பிட்டிப் பெண்மணி விடியவே அடுப்பை மூட்டிவிட்டார். முப்பது சோற்றுப் பார்சல்களும் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தன, சாப்பிட ஆளில்லை. பயிற்சிக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் அவற்றை ஓர் ஆமி லொறியில் அரிப்பு முகாமுக்கு ஏற்றிவிட்டார். மூன்று நாளில் அந்த நிதியிலிருந்து நடந்த ஒரேயொரு உருப்படியான செலவு அதுதான். பிரமாணத்தின்படி பிழையும் அதுதான்.

வருடம் முடிய இரண்டு நாள் இருக்கையில் அந்த உத்தியோகத்தர் எனக்குப் போன் எடுத்தார்.

"மெடம், ஒருக்கா கந்தோருக்கு வாங்கோ. அந்தப் பிள்ளை மூண்டாம் நாளுக்குக் கையெழுத்து வைக்கமாட்டனெண்டு நிக்குது. பில் பாஸ் ஆகாது."

போனேன். பதிவேடு மேசையில் விரித்துக் கிடந்தது. இருபத்தொன்பது வரிசை நிறைந்திருந்தது. ஒரு வரிசையில் இரண்டாம் நாள் பின்னேரத்திலிருந்து மூன்று கட்டங்கள் வெறுமை. சாப்பாட்டுக் காசும் என் கொடுப்பனவும் ஒரே வவுச்சரில் இருந்தன. முப்பது பார்சலுக்கு முப்பது கையெழுத்து வேண்டும், பதிவேடு நிறையாவிட்டால் எருக்கலம்பிட்டிப் பெண்மணிக்குக் காசு போகாது என்று உத்தியோகத்தர் மிகவும் கவலைப்பட்டார். எனக்கும் வராது என்பதை அவர் சொல்லவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

பிள்ளை மேசைக்கு முன்னால் நின்றாள்.

"மெடம், அண்டைக்கு நான் முகாமிலையெல்லோ நிண்டனான். இஞ்ச எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

"அந்தச் சோத்துப் பார்சலை நீர்தானே சனத்துக்குக் குடுத்தனீர்?" என்று கேட்டேன்.

"ஓம்."

"அப்ப அந்த மனுசி சும்மாவோ சமைச்சது? அவவுக்குக் காசு போகவேண்டாமோ?"

"போகத்தான் வேணும். நீங்கள் முதல்நாள் சொன்னமாதிரி ஒரு கடிதம் எழுதினால் என்ன, மெடம்? வகுப்பு நடக்கேல்லை, சோறு முகாமுக்குப் போனதெண்டு உள்ளதை எழுதுவம். நானே எழுதித் தாறன்."

அவள் சொன்னது சரி. ஒரு பக்கக் கடிதம். இருந்து எழுதியிருந்தால் அரை மணித்தியாலம் பிடித்திருக்கும். ஆனால் அங்கீகாரம் வருவதற்குள் வருடம் திரும்பிவிடும், சமைத்தவருக்குக் காசு போக மாதக்கணக்காகும். வகுப்பு நடக்கவில்லை என்று எழுதினால் என் மூன்றாம் நாள் கொடுப்பனவும் போகும். உத்தியோகத்தர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் முப்பது வருட அனுபவத்தையெல்லாம் திரட்டி ஒரு வார்த்தை சொன்னேன்.

"பிள்ளை, அது பாடம். இது வேலை. வையும்."

வைத்தாள், மூன்று கட்டத்திலும். பிறகு தன் கதிரைக்குப் போனாள். அன்றே வவுச்சர் பாஸானது. எருக்கலம்பிட்டிக்கும் காசு போனது, எனக்கும் வந்தது.

சித்திரை வருடப்பிறப்புக் கழியக் கணக்காய்வுக்காரர்கள் வந்தார்கள். வெள்ள நிவாரணச் செலவைத் துருவித் துருவிப் பார்க்கும்படி அவர்களுக்கு உத்தரவு. முகாம் பதிவேட்டை எடுத்தார்கள். அதிலே பெயருள்ளவர்கள் அதே நாளில் வேறெங்காவது கையெழுத்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்தார்கள். ஒருத்தி ஒரே நாளில் அரிப்பிலும் தீவிலும் எப்படி இருக்கமுடியும்? மற்ற இருபத்தொன்பது பேருக்கும் இந்தச் சிக்கல் வரவில்லை. முகாம் பக்கமே போகாதவர்களின் பெயர் முகாம் பதிவேட்டில் எப்படி இருக்கும்? அவர்கள் சுத்தமான கைக்காரர்கள். வேலை செய்தவள் ஒருத்தி, அகப்பட்டவளும் அவள் ஒருத்திதான். பொய்க் கையெழுத்து என்று எழுதி அவளுடைய நியமனக் கோவையை நகரவிடாமல் நிறுத்திவைத்தார்கள். நியமனம் நிரந்தரமாக இரண்டு மாதம் இருந்தது.

விசாரணைக்கு வெளி மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். உண்மையைச் சொல்லும் எண்ணத்தோடு நான் போகவில்லை. அதை இங்கே மறைத்து என்ன பயன்? பிள்ளை எப்படியும் என்னைச் சொல்லியிருக்கும், அதற்கு என்ன மறுமொழி சொல்லலாம் என்று பஸ்ஸில் இருந்து யோசித்துக்கொண்டுதான் போனேன். நல்ல மறுமொழிகள் இரண்டு மூன்று கைவசம் இருந்தன. அதிகாரி அவளுடைய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். யார் வைக்கச் சொன்னது என்ற கேள்விக்கு, ஒருவரும் சொல்லவில்லை, எனக்கு எழுத வாசிக்கத் தெரியும், நானே வைத்தேன் என்று இருந்தது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வயதில் அப்படி ஒரு வெட்கம் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"நான்தான் சேர் வைக்கச் சொன்னனான்," என்றேன். "மூண்டாம் நாள் வகுப்பு நடக்கேல்லை. நடந்ததெண்டு நானும் கையெழுத்து வைச்சுக் காசெடுத்தனான்."

அதிகாரி என்னை மரியாதையோடு பார்த்தார். எனக்குத் தேத்தண்ணி எடுப்பித்தார்.

மூன்றாம் நாள் கொடுப்பனவைத் திருப்பிக் கட்டினேன். ஓய்வு பெற்றவளை வேறென்ன செய்வது? உத்தியோகத்தருக்கு ஓர் அறிவுறுத்தல் கடிதம் போனது. மற்ற இருபத்தொன்பது பேரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, விசாரணை ஒருத்தியின் கோவைக்கு மட்டும்தானாம். பிள்ளைக்கு வேலை தப்பியது, ஆனால் எச்சரிக்கைக் கடிதமும், நிரந்தர நியமனத்தை ஒரு வருடம் தள்ளிவைக்கும் உத்தரவும் கிடைத்தன. யார் சொன்னாலும் கையெழுத்து அவளுடையதாம். எனக்கோ ஊரெல்லாம் நல்ல பெயர். தானாக வந்து ஒத்துக்கொண்ட மெடம் என்று கந்தோர் கந்தோராகப் புகழ்ந்தார்கள். டிசம்பர் பிறந்ததும் இன்னொரு கந்தோரிலிருந்து கடிதம் வந்தது, பொது நிதியில் நேர்மை என்று இரண்டு நாள் வகுப்பு எடுத்துத் தரும்படி.

அந்தக் கிழமைதான் மன்னார் பஸ் நிலையத்தில் பிள்ளையைக் கண்டேன். மன்னிப்புக் கேட்கவேண்டுமென்று எத்தனையோ நாள் நினைத்திருந்தேன். கண்டவுடன் சுகமோ என்றுதான் கேட்க வந்தது.

"சுகம் மெடம். எனக்கு ஒரு வருசம் தள்ளிப்போட்டிட்டினம். உங்களுக்கு என்ன செய்தவை?"

"திரும்பவும் படிப்பிக்கக் கூப்பிட்டிருக்கினம்."

"எதைப் பற்றி?"

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.

"வகுப்புக்கு வாற பிள்ளையளுக்கு, பெரியாக்கள் வைக்கச் சொன்னால் என்ன செய்யவேணுமெண்டு சொல்லுவியள், மெடம்?"

என்னைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அரிப்பு பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் கத்தத் தொடங்கினார். அவள் ஏறாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏறும் பிள்ளை," என்றேன், "பஸ் வெளிக்கிடப்போகுது."