கீரை கடைந்த தக்களி

கனடாவில, மல்வேர்னில நாங்கள் வாடகைக்கு இருந்த ரவுன்ஹவுஸ் எண்டிற ஒட்டு வீட்டு வரிசையில, கோடை வந்தால் சனி ஞாயிறு எல்லாரும் தங்கட பழஞ்சாமான்களை வாசலில பரப்பி விப்பினம். அப்பிடி ஒரு கராஜ் சேலில எனக்கு ஒரு மத்து கிடைச்சுது. நல்ல வைரமான மரம், அடியில வட்டத் தட்டு, மேல் நுனியில சின்னக் கொக்கி. கொக்கி எதுக்கு எண்டு என்ர மனுசன் கேட்டார். "குசினிச் சுவரில கொழுவத்தான். வெள்ளைக்காரன் எல்லாம் யோசிச்சுத்தான் செய்வான்" எண்டு விளக்கமும் குடுத்தனான். மூண்டு மாசம் அதாலதான் கீரை கடைஞ்சன். சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் கடைஞ்சுது.

பெட்டி அடைக்கிற ஃபக்டரியில என்னோட ஒரே லைனில நிண்டவள் ஒரு பெரு நாட்டுக்காரி. என்ர வயசுதான். ரெண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலீஸ். சண்டை பிடிக்கிற அளவுக்குச் சொல்லுக் காணாது, அதால நல்ல சிநேகிதம். ஒருநாள் சாப்பிட வீட்டை கூப்பிட்டன். குசினிக்குள்ள வந்தவள் கீரைச் சட்டியைப் பாத்தாள், என்ர கையில இருந்ததைப் பாத்தாள், அப்பிடியே நிலத்தில குந்தி இருந்து சிரிக்கத் தொடங்கினாள். கண்ணால தண்ணி ஓடுது, நிப்பாட்ட ஏலாமல் கிடக்கிறாள். எனக்குக் கோபம் வந்திட்டுது. "ஏனடி, கீரையை முன்னப்பின்னக் கண்டதில்லையோ?" எண்டு தமிழிலயே கேட்டன். அவள் எழும்பி, மத்தைக் கழுவித் துடைச்சு, தன்ர சுவெட்டரில தொங்கின நூல் ஒண்டைக் கொக்கியில மாட்டி, சுழட்டிக் காட்டினாள். அப்பதான் விளங்கிச்சுது. அது கம்பளி நூல் நூற்கிற தக்களி.

அவளின்ர மனுசனுக்கு நகரத்துக்கு வடக்க ஒரு செம்மறிப் பண்ணையில வேலை. அடுத்த கிழமையே ஒரு பை நிறையக் கம்பளி கொண்டு வந்து தந்தாள். அதைக் குளிக்கிற தொட்டியில ஊறப் போட்டன். இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நிண்டு, "இஞ்சேரும், கனடாவுக்கு வந்தும் ஆட்டுக்கொட்டிலோ?" எண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கட வீட்டில பகிடி கேட்டுக் கனநாள்.

ஏனெண்டு சொல்லவேணும். மல்வேர்னுக்கு வர முதல் நாங்கள் பார்க்டேலில ஒரு அப்பாட்மென்ற்ல இருந்தம். அங்க இருக்கேக்க எனக்கு முதல் பிள்ளை வயித்தில. பிள்ளை பிறக்க முதல் எங்கட ஆக்கள் அதுக்கெண்டு ஒண்டும் வாங்கவும் மாட்டினம், தைக்கவும் மாட்டினம். அது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் கடையில மஞ்சள் கம்பளி நூல் வாங்கி ஒரு தொப்பி பின்னினன். இந்தக் குளிருக்க உதெல்லாம் பாக்கேலுமோ எண்டு ஒரு வீம்பு.

ஆறாம் மாசத்தில பிள்ளை இல்லாமல் போச்சுது.

வோபர்னில இருந்து இவற்ர அக்கா, என்ர மச்சாள், சோறும் ரசமும் கட்டிக்கொண்டு வந்தா. மேசையில கிடந்த தொப்பியைக் கண்டிட்டா. "ஐயோ, பிறக்க முதல் ஆராவது உதுகளைப் பின்னுவினமோ?" எண்டு கேட்டா. கெட்ட மனுசி இல்லை, வாயில வந்தது வந்திட்டுது. இவர் பக்கத்தில நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவர், ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அவ போன கையோட நான் தொப்பியைக் கொண்டுபோய், மாடியில இருந்து குப்பை போடுற குழாய்க்குள்ள போட்டன். என்ர கைதான் என்ர பிள்ளையைத் திண்டது எண்டு நம்பினன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பின்னல் ஊசி ரெண்டையும் அலுமாரிக்கு மேல எறிஞ்சு விட்டன்.

அதாலதான் தக்களி எனக்குத் தோதாக இருந்தது. நூற்கிறது ஒருத்தருக்கும் உடுப்பில்லை. நூல் வெறும் நூல்தான்.

முதல் கிழமை முழுக்க நூல் அறுந்து, தக்களி "டொக்" எண்டு நிலத்தில விழுந்துகொண்டே இருந்தது. நான் ஒவ்வொருக்காலும் முடிச்சுப் போட்டன். பெரு நாட்டுக்காரி என்ர கையில அடிச்சாள். முடிச்சுப் போடக்கூடாதாம், அறுந்த நுனி ரெண்டையும் பிரிச்சு, ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சு, திரும்ப முறுக்கினால் அது தானாகப் பிடிக்குமாம். பிடிச்சுது. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து, ஒரு தேத்தண்ணியும் குடிச்சிட்டு, யன்னலடியில நிண்டு அரை மணித்தியாலம் சுழட்டினால் மனம் ஒரு இடத்தில வந்து இருக்கும். ஃபக்டரியில எங்களை லே ஓஃப் பண்ணி வீட்டை அனுப்பின மாரிக் குளிரிலயும் நான் பைத்தியம் பிடிக்காமல் இருந்தது உந்தத் தடியாலதான்.

அந்த மாரியிலதான் ரெண்டாவது தங்கினது. எனக்குச் சந்தோசத்தை விடப் பயம். கடைக்குப் போனால் பிள்ளையளின்ர சாமான் இருக்கிற பக்கம் திரும்பியும் பாக்கமாட்டன். ஆனால் நூற்கிறதை விடேல்லை. நூற்ற நூலைச் பெரிய வளையமாகச் சிட்டம் சிட்டமாகச் சுத்தி, ஒரு தலையணை உறைக்குள்ள போட்டுக் கட்டிலுக்குக் கீழ தள்ளுவன். "உவ்வளவு நூலும் ஆருக்கு?" எண்டு இவர் ஒருக்கால் கேட்டார். "சும்மா" எண்டன். அவர் பிறகு கேக்கேல்லை. மாசம் ஏற ஏற உறை ஊதிக்கொண்டு வந்தது, நான் ஒரு இழைகூடப் பின்னேல்லை.

அஞ்சு கிழமை முந்தியே பிறந்திட்டாள். பொம்பிளைப் பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள்ள, என்ர கட்டிலடியில வைச்சிருந்தவை. நாலாம் நாள் காலமை நேர்ஸ் வந்து, நாளைக்கு வெளிய எடுக்கப்போறம், வீட்டில இருந்து ஒரு தொப்பி கொண்டு வாங்கோ எண்டா. வீட்டில ஒண்டும் இல்லை எண்டன். ஒரு சட்டைகூட இல்லையோ எண்டு கேட்டு, என்னை ஒருமாதிரிப் பாத்தா. எங்கட வழக்கத்தை என்ர இங்கிலீசில விளங்கப்படுத்தப் போய் அழுதிட்டன்.

பிறகு வேலையில நிண்ட இவருக்குப் போன் எடுத்து, "கட்டிலுக்குக் கீழ இருக்கிற தலையணை உறையையும், அலுமாரிக்கு மேல இருக்கிற பின்னல் ஊசியளையும் கொண்டு வாங்கோ" எண்டன்.

மத்தியானம் வந்தார். உறையை என்ர மடியில வைச்சார், ஊசியளையும் வைச்சார். பிறகு கோட்டுப் பொக்கற்றுக்குள்ள கையை விட்டு ஒரு கடதாசிப் பையை எடுத்தார். அதுக்குள்ள ஒரு சோடி சிவப்புச் சப்பாத்து, என்ர பெருவிரல் நீளம்தான் வரும்.

"எப்ப வாங்கினனீங்கள்?"

"முதல் பிள்ளைக்கு. வயித்தில எண்டு நீர் சொன்ன அண்டைக்கே வாங்கிப்போட்டன். இவ்வளவு நாளும் வேலையில லொக்கருக்குள்ள கிடந்தது." அவர் என்னைப் பாக்கேல்லை. "நீர் தொப்பி பின்னினது பிறகுதானே. நான் வாங்கினதாலதான் அது போனது எண்டு நினைச்சன். அக்கா உம்மைச் சொல்லேக்க நான் வாய் திறந்திருக்கவேணும். பயத்தில நிண்டிட்டன்."

"ரெண்டு வருசம்! ரெண்டு வருசமாய் நான் என்ர கையைப் பாத்துப் பாத்துச் செத்துக்கொண்டு இருந்தனான், நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னீங்களோ?" எண்டு கத்திப்போட்டன். பக்கத்துக் கட்டில் மனுசி திரும்பிப் பாத்தா.

"நானும் அப்பிடித்தானப்பா" எண்டார்.

பெட்டிக்குள்ள அவள் கொட்டாவி விட்டாள். நாங்கள் ரெண்டு பேரும் அதைப் பாத்தம். எனக்கு அவரோட கோபம் போகேல்லை, ஆனால் பொழுது போகுது, நாளைக்குத் தொப்பி வேணும். சிட்டத்தில இருந்து நூலை உருண்டையாய்ச் சுத்தாமல் பின்னேலாது. அதுக்கு இன்னொரு ஆளின்ர ரெண்டு கையும் வேணும்.

"கையை நீட்டுங்கோ" எண்டன்.

நீட்டினார். சிட்டத்தை ரெண்டு கையிலயும் மாட்டி விட்டு, நுனியைப் பிடிச்சு உருட்டத் தொடங்கினன். அவர் அழத் தொடங்கினார். சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கும் ஒழுக.

"கையை இறக்காதேங்கோ, நூல் சிக்கிடும்" எண்டன்.

அவர் இறக்கேல்லை. கண்ணைத் துடைக்க அவருக்கு ஒரு கை மிச்சமில்லை. நான்தான் எட்டி, ஆஸ்பத்திரிக் கவுனின்ர கையால துடைச்சு விட்டன்.